அறுந்த வால்

மேசை மேல் இருக்கும் வயர்லெஸ் மவுஸை எடுத்து மல்லாக்கப் போடுங்கள். முதுகைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வழவழப்பான பிளாஸ்டிக், இரண்டு பொத்தான்கள், நடுவில் ஒரு சக்கரம், அவ்வளவுதான். அதன் கதை முழுவதும் வயிற்றில் இருக்கிறது. மேசையில் வழுக்கிச் செல்ல இரண்டு மூன்று பட்டைகள். நடுவில் ஒரு சிறு குழி, அதற்குள் கண் போல ஒரு வில்லை. பக்கத்தில் நகத்தால் தள்ள வேண்டிய குட்டி சுவிட்ச். ஒரு மூடி. மூடியைத் திறந்தால் ஒரு செல். செல்லுக்கு அருகே, பல மாடல்களில், மவுஸ் பேசுவதைக் கேட்கக் கணினியில் செருகும் நகத்தளவு டாங்கிளைப் பத்திரமாக வைக்க ஒரு பொந்து.

இப்போது பரண் மேல் கிடக்கும் பழைய வயர் மவுஸையும் இறக்கிப் புரட்டிப் பாருங்கள். பட்டைகள் உண்டு, குழி உண்டு. சுவிட்ச் இல்லை, மூடி இல்லை, செல் இல்லை, பொந்தும் இல்லை. முன்னால் ஒரு வால் மட்டும் நீண்டிருக்கும்.

ஆக, ஒரு வாலை நறுக்கியதற்கு ஈடாக நான்கு பொருள்களைச் சேர்க்க வேண்டி வந்திருக்கிறது. ஏன் என்று கேட்டால் அந்த வால் சும்மா தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்பது விளங்கும். கணினியிலிருந்து மவுஸுக்கு மின்சாரம் அதன் வழியாகத்தான் வந்தது. கை எங்கே நகர்ந்தது என்ற செய்தி அதன் வழியாகத்தான் போனது. இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த வேலைகள். மூன்றாவது ஒரு வேலையையும் அது செய்தது. எந்த மவுஸ் எந்தக் கணினிக்கு உரியது, அது விழித்திருக்கிறதா தூங்குகிறதா, அதற்குச் சாப்பாடு போட்டோமா இல்லையா என்ற கேள்விகள் நம் தலையில் எழாமலே பார்த்துக்கொண்டது. கணினியை அணைத்தால் மவுஸும் அணைந்தது, போட்டால் அதுவும் விழித்தது. நாம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

வாலை அறுத்ததும் முதல் இரண்டு வேலைகளைப் பேட்டரியும் ரேடியோவும் எடுத்துக்கொண்டன. மூன்றாவது வேலை நம்மிடம் வந்து சேர்ந்தது. வயர்லெஸ் மவுஸ் வடிவமைப்பின் பெரும் பகுதி, இந்த நினைவுச் சுமையை எப்படிக் குறைப்பது, அதற்கு எதை விலையாகக் கொடுப்பது என்ற பேரம்தான்.

மரக்கட்டைக்கு முளைத்த வால்

தமிழில் இதற்குச் 'சுட்டி' என்று அழகான பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் கடைத்தெருவில் போய் "சுட்டி இருக்கா?" என்று கேட்டால், நெற்றிச்சுட்டி விற்கும் கடைக்குத்தான் வழி காட்டுவார்கள். அதனால் நாமும் இங்கே மவுஸ் என்றே சொல்லிக்கொள்வோம்.

அந்தப் பெயரே வாலால் வந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற பொறியாளர் யோசித்த கருவி இது. அதைச் செய்து கொடுத்தவர் அவருடைய சகா பில் இங்கிலீஷ். ஆண்டு 1964. குடைந்த மரக்கட்டை ஒன்று, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் இரண்டு உலோகச் சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். ஒரு சக்கரம் இடம்-வலத்தை அளந்தது, மற்றொன்று மேல்-கீழை அளந்தது. பின்பக்கத்திலிருந்து, அதாவது மணிக்கட்டுப் பக்கமாக, வயர் வெளியே வந்தது. சிறு உடல், நீண்ட வால். பார்த்தவர்களுக்கு எலி நினைவுக்கு வந்தது. முதலில் அப்படிக் கூப்பிட்டது யார் என்று அந்தக் குழுவில் யாருக்கும் நினைவில்லை என்று எங்கெல்பார்ட் பிற்காலத்தில் சொன்னார்.

பின்னால் வந்த வயர் கையோடு சிக்கிக்கொண்டது. அதனால் அதை முன்பக்கத்துக்கு மாற்றினார்கள். எலிக்கு மூக்கில் வால் முளைத்தது போல ஆயிற்று, பெயர் மட்டும் மாறவில்லை. மவுஸின் வரலாற்றில் வயர் தொல்லை என்பது முதல் மாதிரியிலேயே தொடங்கிவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1968 டிசம்பர் 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் எங்கெல்பார்ட் அதை இயக்கிக் காட்டினார். 1970 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. அதே காலத்தில் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் தனியாகவே, அடியில் உருளும் பந்து வைத்த ஒரு மவுஸை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு மாறிப்போன பில் இங்கிலீஷும் 1972 வாக்கில் பந்து மவுஸுக்கு வந்து சேர்ந்தார். பிரவுசிங் சென்டர் காலத்தை அனுபவித்தவர்களுக்கு அந்தப் பந்து மறந்திருக்காது. கர்சர் தத்தித் தத்தி நகரும். மவுஸைக் கவிழ்த்து, வளைய மூடியைத் திருகி, ரப்பர் பூசிய பந்தை வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் உருளைகளில் திரண்டிருக்கும் கரிய அழுக்கு வளையத்தை நகத்தால் சுரண்டுவோம். பக்கத்து மேசைக்காரர் பந்தைக் கழற்றிக்கொண்டு போன கதையும் உண்டு.

வாலை அறுக்கும் முயற்சி 1984-இலேயே தொடங்கிவிட்டது. மெட்டஃபர் என்ற கணினிக்காக லாஜிடெக் நிறுவனம் செய்த மவுஸ், டிவி ரிமோட் போல அகச்சிவப்பு ஒளியில் பேசியது. ஒளி நேர்கோட்டில்தான் போகும். மவுஸுக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு புத்தகத்தையோ காபி டம்ளரையோ வைத்தால் பேச்சு நின்றுவிடும். மேசையின் ஒரு பகுதியை வயர் அடைத்துக்கொண்டிருந்தது போக, இப்போது ஒரு வெற்றிடத்தைப் பாதுகாக்க வேண்டியிருந்தது. 1991-இல் அதே நிறுவனம் ரேடியோ அலையில் இயங்கும் மவுஸைக் கொண்டுவந்தபோதுதான் மேசை முழுவதும் நமக்குச் சொந்தமானது.

18 வரிசைப் புள்ளிக் கோலம்

பேட்டரியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பேட்டரி யாருக்குச் சோறு போடுகிறது என்று பார்த்துவிட வேண்டும். பெரும்பங்கு குழிக்குள் இருக்கும் கண்ணுக்குத்தான்.

பந்தைக் கழற்றிவிட்டு ஒளியால் நகர்வை அளக்கலாம் என்ற யோசனையை 1980-ஐ ஒட்டி ஜெராக்ஸில் ரிச்சர்ட் லயனும், தனியே ஸ்டீவ் கிர்ஷும் செய்து காட்டினார்கள். ஆனால் அவற்றுக்குப் புள்ளிகளோ கட்டங்களோ அச்சிட்ட சிறப்புப் பலகை ஒன்று தேவைப்பட்டது. பலகை இல்லாவிட்டால் மவுஸுக்குக் கண் தெரியாது. கிட்டத்தட்ட எந்த மேசையிலும் பார்க்கக்கூடிய கண் பரவலாகக் கிடைத்தது 1999-இல். ஹியூலட் பேக்கார்டிலிருந்து பிரிந்த ஏஜிலன்ட் நிறுவனத்தின் சென்சாரை வைத்து மைக்ரோசாஃப்ட் விற்ற மவுஸ் அது.

உள்ளே இருப்பது ஒரு கேமரா. மிக மட்டமான கேமரா. அந்தக் காலச் சென்சார்களில் 16-க்கு 16 அல்லது 18-க்கு 18 புள்ளிகள்தான். 18 வரிசை, வரிசைக்கு 18 புள்ளி என்று வாசலில் வைக்கும் சதுரப் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 324 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாம்பல் நிறம். அந்தக் கோலம் மேசையில் பார்க்கும் பரப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலம். பக்கவாட்டில் சாய்வாக ஒரு சிறு விளக்கு எரிகிறது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மண்தரையின் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் நீள்வது போல, நமக்கு வழவழப்பாகத் தெரியும் மேசையின் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிழல்களாகத் தெரியும். கேமரா படம் எடுக்கிறது. இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவான இடைவெளியில் இன்னொரு படம். இரண்டு கோலங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எந்தப் பக்கம் எத்தனை புள்ளி தள்ளினால் நிழல்கள் பொருந்துகின்றன என்று சில்லு கணக்குப் போடுகிறது. தள்ளிய அளவுதான் கை நகர்ந்த அளவு.

1999 மாடல் விநாடிக்கு 1,500 படம் எடுத்தது. ஏன் அத்தனை? கை விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், இரண்டு படங்களுக்கு நடுவே மவுஸ் 0.2 மில்லிமீட்டர் போயிருக்கும். ஒரு மில்லிமீட்டர் கோலத்தில் ஐந்தில் நான்கு பங்கு இரண்டு படத்திலும் இருப்பதால் பொருத்திப் பார்க்க முடியும். அதே கையை விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் வீசினால், அடுத்த படத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் கடந்துவிடும். இரண்டு படத்துக்கும் பொதுவாக ஒன்றும் மிஞ்சாது. மவுஸ் வழி தவறிவிடும். வேகமாக விளையாடுபவருக்கு இன்னும் அதிகப் படங்கள் வேண்டும். படங்கள் கூடினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் குறையும், அதை ஈடுகட்ட வெளிச்சம் கூட வேண்டும். வெளிச்சம் என்றால் மின்சாரம். வயர் இருந்தவரை இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஒரு செல், ஓர் ஆண்டு

வயர் மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால் பெரும்பாலும் '5 வோல்ட், 100 மில்லிஆம்பியர்' என்று இருக்கும். அதிகபட்சம் இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்ற அளவு அது. கணக்கில் அரை வாட். பென்சில் பேட்டரி என்று கடையில் கேட்டு வாங்கும் ஏஏ அல்கலைன் செல்லில் சேமித்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 3 வாட்-மணி. அரை வாட்டில் செலவழித்தால் 6 மணி நேரம். காலையில் போட்ட செல் மாலைக்குள் தீர்ந்துவிடும்.

ஆனால் இன்று விற்கும் சாதாரண வயர்லெஸ் மவுஸ்களின் அட்டையில் 'ஒரு செல்லில் 12 மாதம்' என்று போட்டிருக்கிறார்கள். அது எப்படிச் சாத்தியம்? ஏஏ செல்லின் கொள்ளளவைச் சுமார் 2,500 மில்லிஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வகுத்தால் சராசரியாக 0.3 மில்லிஆம்பியருக்கும் கீழேதான் செலவழிக்கலாம். வயர் மவுஸின் சீட்டில் இருந்த எண்ணில் முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தச் சிக்கனத்தில் பெரும்பகுதி தூக்கத்தால் வருகிறது. நாம் மவுஸைப் பிடித்திருக்கும்போதும் அதை நகர்த்தும் நேரம் குறைவு. படிக்கிறோம், யோசிக்கிறோம், தட்டச்சு செய்கிறோம். கை நின்றதும் மவுஸ் படிப்படியாகத் தூங்கப் போகிறது. சில சென்சார்களில், நகரும்போது விநாடிக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும் படங்கள், சற்று அசையாமல் இருந்தால் நூறளவுக்கு இறங்கும். இன்னும் அசையாவிட்டால் பத்து. அதன் பிறகு விநாடிக்கு இரண்டே இரண்டு. ஒரு கண்ணை மட்டும் அவ்வப்போது திறந்து பார்க்கும் காவல்காரர் போல.

இங்கேதான் பேரம் தொடங்குகிறது. தூக்கம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு மின்சாரம் மிச்சம். ஆனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ நேரமாகும். விநாடிக்கு இரண்டு முறை மட்டும் பார்க்கும் மவுஸை நீங்கள் அசைத்தால், அது கவனிக்க அரை விநாடி வரை ஆகலாம். டீ குடித்துவிட்டு வந்து மவுஸைத் தொடும்போது முதல் அசைவில் கர்சர் ஒரு கணம் மரம் போல நிற்பது இதனால்தான். சில மலிவு மாடல்கள் இன்னும் ஆழமாகத் தூங்கும். ஆட்டினாலும் எழாது, பொத்தானைத் தட்டினால்தான் விழிக்கும். கெட்டுப்போய்விட்டது என்று பயந்து கடைக்கு எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

வெளிச்சத்திலும் சிக்கனம் செய்தார்கள். பழைய ஒளி மவுஸ்கள் அடியில் சிவப்பாக எரிந்தன. இப்போது பல வயர்லெஸ் மவுஸ்களில் எந்த வெளிச்சமும் தெரியாது. விளக்கு எரிகிறது, அது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. சிவப்பு எல்இடியைவிடக் குறைந்த வோல்ட்டில் அது எரியும், சிலிக்கான் சென்சாருக்கும் அந்த ஒளி நன்றாகத் தெரியும். மின்சாரம் மிச்சமானது. ஆனால் மவுஸைத் திருப்பிப் பார்த்து 'உயிர் இருக்கிறதா' என்று தெரிந்துகொள்ளும் வசதி போய்விட்டது. அதை ஈடுகட்ட முதுகில் ஒரு குட்டி விளக்கு வைத்தார்கள், சார்ஜ் குறைந்தால் மினுக்கும்படி. மினுக்குவதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் சில விநாடிகளோடு அதுவும் அணைந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. மவுஸுக்கு ஆகாது என்று எடுத்துப் போட்ட செல்லைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் அது இன்னும் சில மாதம் ஓடும். செல் முழுக்கக் காலியாகவில்லை. வோல்ட் இறங்கிப்போன செல்லால் ரேடியோ பேசும் கணத்தில் தேவைப்படும் திடீர் மின்சாரத்தைத் தர முடிவதில்லை. விநாடிக்கு ஒருமுறை முள்ளைத் தள்ளும் கடிகாரத்துக்கு அந்த மிச்சமே போதும்.

நெரிசலான தெரு

இனி பேச்சு. தொடக்க கால ரேடியோ மவுஸ்கள் பல 27 மெகாஹெர்ட்ஸில் பேசின. அந்த அலையின் நீளம் 11 மீட்டர். ஆண்டெனா அலையின் கால் பங்கு நீளம் இருந்தால் நல்லது என்பது ரேடியோக்காரர்களின் வாய்ப்பாடு. கால் பங்கே கிட்டத்தட்ட 3 மீட்டர் வருகிறது. மவுஸுக்குள் அதைச் சுருட்டித் திணித்தால் வீச்சு குறுகும். அதனால் அன்றைய ரிசீவர் சோப்பு டப்பா அளவில், தனக்கென்று ஒரு வயரோடு, மேசையில் மவுஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியதும் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டராகச் சுருங்கியது. கால் பங்கு என்றால் 3 சென்டிமீட்டர் சொச்சம். சர்க்யூட் பலகையிலேயே மடித்து வரைந்துவிடலாம். டாங்கிள் நகத்தளவுக்குச் சிறுத்த ரகசியம் இதுதான். ஆனால் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று உலகின் பெரும்பாலான நாடுகள் திறந்துவிட்ட தெரு அது. வைஃபை அதில்தான் போகிறது. புளூடூத் அதில்தான் போகிறது. மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசிவதும் அங்கேதான். நம் உடம்பில் உள்ள தண்ணீர் இந்த அலைகளை விழுங்கும். டாங்கிளுக்கும் மவுஸுக்கும் நடுவில் நம் காலோ, கம்ப்யூட்டர் பெட்டியின் தகரமோ வந்தால் பேச்சு மங்கும்.

இந்தத் தெருவில் நாமே கொண்டுவந்த ஓர் இரைச்சலும் உண்டு. யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு பாயும்போது எழும் மின்காந்த இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் விழுகிறது என்று 2012-இல் இன்டெல் நிறுவனமே ஓர் அறிக்கை வெளியிட்டது. நீல நிறத் துளை ஒன்றில் வெளிப்புற ஹார்டு டிஸ்க், அதன் பக்கத்துத் துளையில் மவுஸ் டாங்கிள் என்று இருந்தால், பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது கர்சர் தடுமாறும். அந்த அறிக்கை சொன்ன வழிகளில் ஒன்று டாங்கிளை அங்கிருந்து தள்ளி வைப்பது. எப்படித் தள்ளி வைப்பது? ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் வயரால். விலை உயர்ந்த வயர்லெஸ் கேமிங் மவுஸ்களின் பெட்டியிலேயே அந்த வயரைப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

டாங்கிளா, புளூடூத்தா என்பது அடுத்த கேள்வி. டாங்கிள் ஒரு தந்திரக்காரன். கணினியிடம் அது 'நான் ஒரு சாதாரண வயர் மவுஸ்' என்றே சொல்லிக்கொள்கிறது. அதனால் செருகியதும் வேலை செய்யும். விண்டோஸ் தொடங்குவதற்கு முந்தைய அமைப்புத் திரையிலும் வேலை செய்யும். கணினியில் ஒரு துளையை அடைத்துக்கொள்ளும் என்பதும், தொலைந்தால் பல மாடல்களில் மவுஸும் உடன் செத்துப்போகும் என்பதும் அதன் குறைகள். அடிவயிற்றுப் பொந்து அந்தப் பயத்தில் பிறந்தது. புளூடூத்தில் தொலைக்க எதுவும் இல்லை. ஆனால் முதல்முறை இரண்டையும் அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும், தூங்கி எழுந்தபின் மீண்டும் கைகுலுக்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும், தொடக்கத் திரையில் பல கணினிகள் அதைக் கண்டுகொள்ளாது. ஒன்றில் பொருளை நினைவு வைத்துக்கொள்ள வேண்டும், மற்றொன்றில் முறையை.

வயர் ஒரு பூட்டாகவும் இருந்தது என்பது 2016-இல்தான் பலருக்கு உறைத்தது. பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பல பெயர் பெற்ற கம்பெனிகளின் டாங்கிள்களில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். மவுஸ் அனுப்பும் அசைவுச் செய்திகள் பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்படாமல் போயின. மவுஸ் அசைவில் என்ன ரகசியம் என்று நினைத்திருக்கலாம். மறையாக்கத்துக்கு நேரமும் மின்சாரமும் ஆகும். ஆனால் சில டாங்கிள்கள், மவுஸ் போல நடித்துக்கொண்டு யாரோ அனுப்பும் கீபோர்டு எழுத்துகளையும் நம்பி ஏற்றுக்கொண்டன. சிறிய ரேடியோ ஒன்றோடு பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவர் உங்கள் கணினியில் தட்டச்சு செய்ய முடிந்தது. இதற்கு 'மவுஸ்ஜாக்' என்று பெயர் வைத்தார்கள்.

தாமதம் பற்றி விளையாட்டுக்காரர்கள் ஓயாமல் பேசுவார்கள். சாதாரண மவுஸ் விநாடிக்கு 125 முறை தன் நிலையைச் சொல்கிறது, அதாவது 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. கேமிங் மவுஸ் 1,000 முறை சொல்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையோ 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் புதிய படம் காட்டுகிறது. கணக்குப்பிள்ளைக்கு 8 மில்லிவிநாடி போதும், அவருடைய திரையே அதைவிட மெதுவானது. வேகமான திரையில் சுடும் விளையாட்டு ஆடுபவருக்கு அது போதாது. அவர் எட்டு மடங்கு அதிகமாகப் பேசும் மவுஸை வாங்குகிறார், அதற்கு ஈடாக ஆண்டுக்கணக்கில் ஓடும் செல்லை மறந்துவிட்டுச் சில நாட்களுக்கு ஒருமுறை சார்ஜ் போடுகிறார்.

கையின் தரப்பு

இவ்வளவும் மவுஸின் பிரச்சினைகள். கை என்ன சொல்கிறது?

1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஓர் இலக்கைத் தொடக் கைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஒரு சமன்பாட்டில் அடக்கினார். தூரம் கூடினால் நேரம் கூடும், இலக்கு சிறுத்தாலும் கூடும். இரண்டின் விகிதம்தான் முக்கியம். 1978-இல் ஜெராக்ஸில் ஸ்டூவர்ட் கார்டு, பெட்டி பர் ஆகியோரோடு அதே பில் இங்கிலீஷ் சேர்ந்து மவுஸையும் ஜாய்ஸ்டிக்கையும் இரண்டு வகை விசைகளையும் ஒப்பிட்டார். மவுஸ் வென்றது. அதைவிடச் சுவையான முடிவு இன்னொன்று. மவுஸால் சுட்டும் வேகம், வெறும் கையால் சுட்டும் வேகத்தை நெருங்கியிருந்தது. தடை கருவியில் இல்லை, நரம்பிலும் தசையிலும் இருக்கிறது. அப்படியானால் கையைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மவுஸின் முதல் கடமை.

வயர் தொந்தரவு செய்தது. மேசை விளிம்பில் மாட்டி இழுத்தது, புத்தகத்தில் சிக்கியது. அதை நீக்கியது கைக்கு நல்ல செய்தி. ஆனால் ஏஏ செல் 23 கிராம். மொத்தம் 80, 90 கிராம் இருக்கும் மவுஸில் அது கால் பங்கு. அதை எங்கே வைப்பது? பின்னால் வைத்தால் மூக்கு தூக்கும், ஒரு பக்கமாக வைத்தால் கோணிக்கொண்டு போகும். ஏஏஏ செல் பாதி எடைதான், ஆனால் பாதிக்கும் குறைவான நாள்தான் ஓடும். லித்தியம் பேட்டரியை உள்ளேயே வைத்து மூடினால் எடை குறையும், ஆண்டுக்கு ஒருமுறை கடைக்குப் போய்ச் செல் வாங்கும் வேலையும் இல்லை. சில ஆண்டுகளில் அந்தப் பேட்டரி மூப்படையும். அப்போது மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் மவுஸைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். பழைய காலத்து மூடி அசிங்கமாக இருக்கலாம், அதற்குள் போடும் செல் பெட்டிக்கடையில் கிடைக்கும்.

பையில் வைத்துக்கொண்டு போக வசதி என்று சின்ன மவுஸ் செய்கிறார்கள். பையில் அரை மணி நேரம் இருக்கும் பொருள், கையில் எட்டு மணி நேரம் இருக்கிறது. சின்ன மவுஸை விரல்நுனியால் கவ்விப் பிடிக்க வேண்டும், உள்ளங்கைக்குத் தாங்கல் இல்லை. வலது கைக்கென்று வளைத்துச் செய்தால் இடது கைக்காரர் என்ன செய்வார்? இருவருக்கும் பொதுவாகச் சமச்சீராகச் செய்தால் இருவருக்குமே முழுதாகப் பொருந்தாது. உள்ளங்கையைக் கவிழ்த்து வைக்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே படுக்கின்றன. அதைத் தவிர்க்க, கைகுலுக்குவது போலப் பிடிக்கும் நிமிர்ந்த மவுஸ்கள் வந்தன. முன்கைக்கு அது இதம். ஆனால் நுண்ணிய வேலையை விரலிலிருந்து தோளுக்கு மாற்றிவிடுகிறது, பழக நாளாகும்.

பொத்தானிலும் ஒரு மறைவான பேரம் உண்டு. உள்ளே இருக்கும் சிறு உலோக நாக்கு அழுத்தும்போது ஒரே அடியாகப் பதிவதில்லை. சில மில்லிவிநாடிகளுக்குத் துள்ளித் துள்ளித் தொடும். அந்தத் துள்ளலையெல்லாம் தனித்தனி க்ளிக்காக எண்ணாமல் இருக்க, முதல் தொடுகைக்குப் பின் சிறிது நேரம் காதைப் பொத்திக்கொள்ளும்படி மவுஸுக்குச் சொல்லி வைக்கிறார்கள். நாக்கு தேய்ந்து துள்ளல் நீளும்போது, ஒருமுறை அழுத்தினால் இருமுறை விழும் நோய் வருகிறது. காதைப் பொத்தும் நேரத்தைக் கூட்டினால் நோய் தெரியாது, வேகமாக இருமுறை அழுத்துபவரின் இரண்டாவது க்ளிக்கும் சில நேரம் தெரியாமல் போகும்.

மறுபடி வயிற்றுக்கு

வயிற்றில் ஆரம்பித்தோம், அங்கேயே முடிப்போம். ஆப்பிள் நிறுவனம் 2009-இல் விற்ற மேஜிக் மவுஸில் இரண்டு ஏஏ செல்கள் இருந்தன. 2015-இல் வந்த அடுத்த மாடலில் பேட்டரியை உள்ளே வைத்து மூடி, சார்ஜ் போடும் துளையை அடிவயிற்றில் வைத்தார்கள். சார்ஜ் ஏறும்போது மவுஸ் மல்லாந்து கிடக்கும், பயன்படுத்த முடியாது. உலகமே கேலி செய்தது. 2024-இல் துளையின் வகையை யுஎஸ்பி-சியாக மாற்றியபோதும் இடத்தை மாற்றவில்லை. மூக்கில் துளை வைத்தால் எல்லோரும் வயரைச் செருகி அப்படியே விட்டுவிடுவார்கள், வயர்லெஸ் மவுஸ் வயர் மவுஸாகிவிடும் என்று பயந்திருப்பார்கள் என்பது பலரின் ஊகம். இரண்டு நிமிடம் சார்ஜ் போட்டால் ஒன்பது மணி நேரம் ஓடும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. இரண்டு நிமிடம் பெரிதில்லைதான். அந்த இரண்டு நிமிடத்தை எப்போது ஒதுக்குவது என்று யார் நினைவு வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் இந்த மாதிரி நினைவு வைத்துக்கொள்ளும் வேலை அம்மாவுடையது. என்னுடைய மவுஸ் செல் போடுகிற ரகம். இரவு படுக்கப் போகும் முன் வீடு முழுக்க சுவிட்சுகளை அணைத்துக்கொண்டே வருபவர், மவுஸையும் எடுத்துப் புரட்டி அதன் குட்டி சுவிட்சையும் தள்ளிவிடுவார். "ராத்திரி முழுக்க எதுக்குடா சும்மா ஓடணும்?" காலையில் நான் மவுஸை ஆட்டுவேன், தட்டுவேன், செல்லைக் கழற்றிப் போடுவேன், கடைசியில் புரட்டிப் பார்ப்பேன். அது தானாகவே தூங்கும் அம்மா என்று பலமுறை சொல்லியாயிற்று.

ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆழ்ந்த தூக்கத்தில் மவுஸ் 0.05 மில்லிஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவுக்கு 8 மணி நேரம், ஆண்டு முழுவதும். சுமார் 146 மில்லிஆம்பியர்-மணி. செல்லில் பதினேழில் ஒரு பங்கு. அம்மா அணைப்பதால் செல் சில வாரமாவது கூட ஓடும். பயணத்துக்குப் பையில் போட்டால் நியாயம் இன்னும் அவர் பக்கம் சாயும். பேருந்தின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மவுஸ் விழித்து எழுந்து, பையின் துணியைப் படம் எடுத்துக்கொண்டே வரும்.

ஒரு செல்லின் விலையில் பதினேழில் ஒரு பங்குக்காகத் தினமும் காலையில் நான் படும் பாடு பெறுமா என்று கேட்டால், பெறாது. வடிவமைப்பாளர்கள் எல்லாத் தூக்கக் கணக்கையும் போட்டுவிட்டு, கடைசியில் அந்த சுவிட்சையும் வைத்தார்கள். அவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கிறது, அம்மாவையும் தெரிந்திருக்கிறது. இப்போதெல்லாம் காலையில் கணினி முன் உட்கார்ந்ததும் முதல் வேலையாக மவுஸைப் புரட்டிவிடுகிறேன்.